தரிசு என்று எழுதாதீர்கள்

சித்திரை வெயிலில் ஓட்டப்பிடாரம் கரிசலைப் பார்க்கிறவர், இது ஒன்றுக்கும் ஆகாத பூமி என்றுதான் நினைப்பார். பாளம் பாளமாக வெடித்த மண், வரப்போரம் சீமைக்கருவேலம், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை கிடையாது. அதே காட்டைக் கார்த்திகைக் கடைசியில் வந்து பாருங்கள். உளுந்தும் பாசியும் பூத்து நிற்கும், மக்காச்சோளம் ஆளை மறைக்கும். புரட்டாசியில் மழையை நம்பி விதைத்து, தை மாசியில் வெள்ளாமை வீடு சேரும் மானாவாரி நிலம் இது. பாதி வருஷம் ஓய்ந்து கிடப்பதுதான் அதன் இயல்பு. அந்த ஓய்வு நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, கிராமப் பயிர்க்கணக்கான அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதினால், சம்சாரி தன் பக்கம் பேசுவதற்கு வைத்திருந்த ஆதாரம் அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே முதலில் கிராம நிர்வாக அலுவலர்களைக் கேட்கிறேன். பயிர் நிற்கும் மாதத்தில் காட்டுக்குள் நடந்து போய்ப் பாருங்கள். நின்ற பயிரை நின்றபடி எழுதுங்கள். நாளைக்குத் தொழிற்பேட்டைக்கு இடம் தேடுகிறவர்கள் உங்கள் கையெழுத்தைத்தான் படிப்பார்கள்.

தொழில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் சில்லாநத்தத்தில் மின்கார் ஆலை திறந்தபோது நம் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்குமென்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நிலம் எடுக்கிறவர்களை யார் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. 1971-இல் தொடங்கிய, மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 2013 சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடு இதில் கட்டாயமில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2019-இல் இந்த ஏற்பாட்டைத் தள்ளியது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி அதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆக, நிலத்துக்காரனுக்கு மிஞ்சியிருப்பது 1997 சட்டத்தின் 3(2) பிரிவு நோட்டீசும் அதன் மீதான விசாரணையும்தான். அந்த விசாரணையையும் பேருக்கு நடத்தி முடித்தால் அவன் எங்கே போவான்?

கண்காணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடிக்காரனுக்கு வேறு ஊர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்டெர்லைட் இரண்டாம் ஆலைக்குச் சிப்காட் நிலம் ஒதுக்கியிருந்தது. தொழிற்பேட்டைக்குள் அமைவதால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லப்பட்டது. அதை எதிர்த்துக் குமரெட்டியாபுரத்து ஜனங்கள் நூறு நாள் உட்கார்ந்தார்கள். 2018 மே 22-இல் துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள். மறுநாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆலை விரிவாக்கத்தை நிறுத்தி, மக்களைக் கேளுங்கள் என்று உத்தரவிட்டது. 29-ஆம் தேதி 342 ஏக்கர் ஒதுக்கீட்டைச் சிப்காட் ரத்து செய்தது. ஒரு வாரத்தில் ரத்து செய்ய முடிந்த ஒதுக்கீடு அது. ஒரு கேள்வியை உரிய காலத்தில் கேட்டிருந்தால் எத்தனை தாய்மார் அழாமல் இருந்திருப்பார்கள்!

எடுத்த நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதும் குற்றம்தான். நாங்குநேரியில் சுமார் 2,500 ஏக்கர் தொழில் பூங்கா என்ற பெயரில் எத்தனை காலம் வெறுமனே கிடந்தது என்று நெல்லைச் சீமையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிகாரிகளே, அந்த மண் உங்களிடம் ஒப்படைத்த பொருள். யாருக்கு எத்தனை ஏக்கர், என்ன விலைக்கு, எந்த ஆண்டுக்குள் ஆலை எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் என்ன நடவடிக்கை என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிடு என்றுதான் சொல்கிறது. வேலிக்குள் சிக்குகிற ஓடையையும் வண்டிப்பாதையையும் மேய்ச்சல் புறம்போக்கையும் வரைபடத்தில் காட்டுங்கள். ஓடை அடைபட்டால் கீழே இருக்கிற கண்மாய்க்குத் தண்ணீர் ஏது?

அறிவிப்பு வருமுன்னே சேதி தெரிந்து, ஏழை சம்சாரியிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுகிற அண்ணாச்சிகளே, அந்தக் காசு வேண்டாம். கூட்டுப்பட்டாவில் பெயர் சேராத விதவையின் பங்கும் அதில் இருக்கிறது.

இதே ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வைத்தார். பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. மண்ணையே போட்டவனுக்கு அந்த உரிமை இல்லையா?

ஊர்க்காரர்களே, 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததால் ஊராட்சிக்கு வாயில்லை என்று நினைக்க வேண்டாம். கிராம சபை நீங்கள்தான். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வருகிற கூட்டத்துக்குப் பட்டாவும் அடங்கலும் எடுத்து வாருங்கள், பெண்களையும் அழைத்து வாருங்கள். நிலக் கணக்கைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, வாசித்துக் காட்டப்படும் வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.