இறங்குதல் பற்றி

1990-ல் வாங்கிய புல்லட்டை 2025 கார்த்திகையில் விற்றேன். பதிலுக்கு வாங்கிய அபாச்சி 160-ல் முதன்முறையாகக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் வாசலில் வந்து இறங்கியபோது, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நண்பர் ‘கனத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள்’ என்றார். அவர் கவிஞர். வயது ஏற ஏற மனிதன் தன் எடைகளை ஒவ்வொன்றாக விட்டுவர வேண்டும் என்பது அவர் கொள்கை. பாராட்டை அப்போது புன்னகையோடு வாங்கிக்கொண்டேன். அது எனக்கு உரியதுதானா என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. அதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ள இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரங்கள். பழைய புல்லட்டில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கொள்ளளவு 346 சி.சி., குதிரைத்திறன் 18. அபாச்சியில் விட்டம் 62, தூரம் 52.9. கொள்ளளவு 159.7 சி.சி., குதிரைத்திறன் ஏறக்குறைய 16. கொள்ளளவு பாதிக்கும் கீழே போயும் சக்தி அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. முன்னது நீண்ட வீச்சில் நிதானமான பெரிய அடிகளால் பெறுவதைப் பின்னது குறுகிய வீச்சில் படபடவென்று சுழன்று பெற்றுவிடுகிறது. ஆகவே சக்தியைத் துறந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அது வரும் வழியை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். பந்தயக் கோடுகள் தீட்டிய டாங்கின் மேல் முன்சாய்ந்து உட்காரும் அறுபது வயதுக்காரனிடம் எளிமையைத் தேடுவதும் வீண். எளிமைதான் நோக்கம் என்றால் 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 இருந்தது. அதன் வழிவந்த வண்டிகள்தான் இன்றும் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மூட்டைகளைச் சுமந்து போகின்றன. அதை வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆனால் எதையோ இழந்தேன் என்பது நிஜம். புல்லட் நம் ஊர்களுக்கு வெறும் வாகனமாக வந்து சேரவில்லை. 1950களில் எல்லைக் காவலுக்கென்று ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி அது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி உருவாகி, பிறகு திருவொற்றியூரில் உற்பத்தி நடந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்ட பின்னும் இங்கே அது நிற்கவில்லை. பீரங்கியைச் சின்னமாகக் கொண்ட அந்த வண்டியில் எங்கள் பக்கம் வருகிறவன் இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும், அல்லது பண்ணையார், அல்லது வட்டிக்குக் கொடுக்கிறவன். நான் இவர்களில் யாருமல்ல. ஆனாலும் என் வண்டியின் சத்தம் எனக்கு அரை பர்லாங் முன்னால் போய்ச் சேரும். பாலத்துக் கட்டைச் சுவரில் இருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். எழுந்தது எனக்காக என்று முப்பத்தைந்து வருஷம் நம்பியிருந்தேன். அபாச்சியில் போனபோது யாரும் எழவில்லை. பெரியவர் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு யானை இருக்கிறது. கரி என்றால் யானை. பால்வண்ணநாதரை யானை வலம் வந்ததால் ஊருக்கு இந்தப் பேர். யானை எவ்வளவு பெரியது என்பதல்ல, அது வலம் வந்தது என்பதே அந்தப் பேரில் நினைவுகூரப்படுகிறது. வலம் வருகிறவன் மையத்தில் வேறொன்றை வைத்துத் தன்னை விளிம்புக்குத் தள்ளிக்கொள்கிறான். உலா போகிறவனுக்கு மையம் அவனேதான். மற்றவர்கள் வாசலில் நின்று பார்க்க வேண்டும். புல்லட்டில் நான் போய்வந்ததெல்லாம் உலாதான் என்று இப்போது தோன்றுகிறது.

விற்றதற்கும் தத்துவம் காரணமல்ல. ஐப்பசி மழையில் ஊறிய கரிசல் பாதையில் ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்தது. அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் தூக்கி நிறுத்த என்னால் ஆகவில்லை. மூன்று தடவை முயன்று மூச்சு வாங்க நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளும் அவள் மகனும் வந்து தூக்கிவிட்டார்கள். ‘தூக்க முடியாத வண்டிய எதுக்கு மொதலாளி வச்சிருக்கீய?’ என்று கேட்டாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மறுநாளே விற்பது என்று முடிவு செய்தேன்.

புது வண்டிக்குக் கை பழகிவிட்டது. கால் பழகவில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இப்போதைய வண்டிகளில் வலது கால் பிரேக்குக்கு உரியது. அடுத்த கியருக்குப் போகலாம் என்று வலது காலை அழுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது. புத்தி ஏற்றுக்கொண்ட ஒரு மாற்றத்தைப் பாதம் மாதக்கணக்கில் மறுத்துக்கொண்டிருக்கிறது. மனம் மாறிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களை நம்புவதற்கு முன் அவர்கள் பாதத்தைக் கவனிப்பது நல்லது.

என் பாதம் வேறொரு இடத்திலும் மறுத்தது. நண்பரிடம் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

விற்கப்போகிறேன் என்று தெரிந்ததும் முதலில் வந்தவன் பக்கத்து ஊர்க் காலனியைச் சேர்ந்த ஒரு பையன். திருப்பூரில் மெக்கானிக். வண்டியைச் சுற்றிப் பார்த்தான். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, டிகம்ப்ரஸரைப் பிடித்துவிட்டு, ஒரே உதையில் கிளப்பினான். எனக்கு எப்போதும் நாலைந்து உதை ஆகும். நான் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. ‘ரொம்ப நாள் ஆசைய்யா’ என்றான். ‘சொல்லி அனுப்புகிறேன்’ என்றேன்.

அன்று இரவு பங்காளி ஒருவன் வந்தான். ‘அவன் இத ஓட்டிக்கிட்டு நம்ம தெருவுக்குள்ளதான வருவான்? யோசிச்சுக்கோங்கண்ணே’ என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. நெல் விலை பேசும் குரலில் சொன்னான். நான் அவனை மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டியிருந்தார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்பது புகார். மூவர் கைதானார்கள். அந்தச் செய்தியை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். இந்தப் பையனுக்கும் அப்படி ஒன்று நேர்ந்துவிடக்கூடாதே, அவன் நன்மைக்காகத்தான் தயங்குகிறேன் என்று ஒரு நியாயம் கிடைத்தது. யோசித்தால் இதைவிட ஆபாசமான நியாயம் இருக்க முடியாது. ஆபத்து அவனுக்கு என்றால் அதை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவும் அவனுடையது. அவன் அதை யோசிக்காமலா வந்திருப்பான்? நான் காப்பாற்றியது அவனை அல்ல, எங்கள் தெருவை. மறுவாரம் சங்கரன்கோவிலில் ஒரு தரகரிடம் எட்டாயிரம் ரூபாய் குறைத்து வண்டியைத் தள்ளிவிட்டேன்.

இப்போது நண்பரின் பாராட்டுக்குத் திரும்பலாம். விட்டுவிடுதல் என்ற சொல்லை நாம் மிகச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். ஒரு பொருளை விடுவது வேறு, அது இனி யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை விடுவது வேறு. முதலாவதற்கு மூட்டுவலி போதும். எடையை இறக்கி வைத்ததாக நண்பர் கண்டது என் உடம்பு செய்த காரியத்தை. அதிகாரத்தை நான் கடைசி நிமிஷம்வரை கையிலேயே வைத்திருந்தேன். இறங்குவதற்கு வசதி உள்ளவனுக்குத்தான் இறங்குவது அழகாகத் தெரிகிறது. என்னை யாரும் ஒருநாளும் அந்த வண்டியிலிருந்து இறங்கச் சொன்னதில்லை. எந்தத் தெரு முனையிலும் எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் சின்ன வண்டிக்கு மாறிவிட்டு, பெரிய வண்டி வெறும் பகட்டு என்று எழுதினால், ஏறவே விடப்படாதவனுக்கு அது உபதேசம் ஆகிவிடும். அந்தப் பையனுக்குப் புல்லட் பகட்டாக இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. முப்பத்தைந்து வருஷம் எனக்கு அனுமதிக்கப்பட்ட பகட்டு அவனுக்கு ஏன் கூடாது?

தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் சங்கரன்கோவிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் அவன் பையோடு நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வேகமாகக் கடந்துவிடலாம் என்று கியரை மாற்றினேன், வலது காலால். வண்டி சரியாக அவன் முன்னால் போய் நின்றது.

‘வண்டிய வித்துட்டீயளாய்யா?’

‘ஆமாம்.’

‘நல்ல வண்டி. யாருக்குக் குடுத்தீய?’

தெரியாது என்றேன். அது உண்மை. தெரியாமல் இருப்பதற்காகத்தான் எட்டாயிரம் ரூபாய் கொடுத்திருந்தேன்.