வழிச்செலவும் வைத்தியமும்

இலங்கையில் வைத்தியம் இலவசம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமை பொய்யன்று. அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். 1977இல் அதுவும் ஒழிந்தது. வைத்தியசாலை வாயிலில் நோயாளி 25 சதம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பது இந்நாட்டில் ஓர் அரசியற் பிரச்சினையாக இருந்திருக்கிறது. ஆனால், அந்த வாயிலுக்கு வந்து சேர அவன் எவ்வளவு கொடுக்கிறான் என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இதனை ஒரு சில்லறை நிர்வாகக் குறைபாடு என்று ஒதுக்குவோர் உளர். நான் இதனை அறம் பற்றிய கேள்வியாகவே கருதுகிறேன். ஒருவனுக்கு ஒரு பொருளில் உரிமை உண்டென்று ஒப்புக்கொண்ட சமுதாயம், அப்பொருள் இருக்கும் இடத்துக்கு அவனைக் கொண்டு சேர்க்கவும் கடமைப்பட்டதா? அல்லது, 'பொருள் அங்கே இருக்கிறது. வரக்கூடியவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும்' என்று சொல்லிவிட்டால் அதன் கடன் தீர்ந்துவிடுமா?

நெடுந்தீவிலே வாழும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மார்பிலே புற்றுநோய். சத்திரசிகிச்சையின் பின் கதிர்ச் சிகிச்சை வேண்டும் என்கிறார் வைத்தியர். அது ஒரு நாளில் முடியும் காரியமன்று. வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்களுக்கு நீளும். அவள் முதலிற் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்க வேண்டும். கடல் இடங்கொடுத்தால் அதற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ். திரும்பும்போது கடைசிப் படகு அவளுக்காகக் காத்து நிற்கப்போவதில்லை. மகரகமவுக்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டாலோ, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கிடக்கிறது. 2014ஆம் ஆண்டிற் புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது பெரிய ஆறுதல்தான். நிமிர்ந்து இருக்க முடியாமற் படுத்தே பிரயாணம் செய்ய வேண்டிய நோயாளிக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவனுக்கு வான் ஒன்றைப் பிடித்து, ஆசனங்களைக் கழற்றி, மெத்தை போட்டு, ஓர் ஆளையும் துணைக்கு ஏற்ற வேண்டும். வான்காரன் கேட்கும் தொகை ஒரு கூலித் தொழிலாளி பல நாள் உழைத்துச் சேர்ப்பது.

சிறுநீரகம் பழுதடைந்தவனின் நிலை இன்னொரு விதம். வட மத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த வவுனியாப் பக்கத்திலும் வயலில் உழைக்கும் மக்களிடையே, காரணம் இன்னதென்று உறுதியாகாத சிறுநீரக நோய் 1990களில் இருந்து பேசப்பட்டு வருகிறது. நோய் முற்றியவன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து, தலைசுற்றிக் களைத்து எழுகிறான். அவனைத்தான் நெரிசல் நிறைந்த பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு வீடு போகச் சொல்கிறோம். 2021இற் சீன உதவியோடு பொலன்னறுவையிற் சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. நல்லது. சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் மாதாந்த உதவித்தொகையும் கொடுக்கிறது. அதுவும் நல்லது. ஆனால், சோற்றுக்கென்று கொடுத்த பணம் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் போய்விட்டால் அடுப்பில் எதை வைப்பது?

'அம்புலன்ஸ் இருக்கிறதே' என்று ஒருவர் கேட்கக்கூடும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய வண்டியைச் சொல்கிறார். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018இல் வடக்குக்கும் வந்த அச்சேவை எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. ஒரு சதமும் வாங்குவதில்லை. ஆனால், அது அவசரத்துக்கு உரியது. வைத்தியசாலையின் சொந்த வண்டியோ, உள்ளே கிடக்கும் நோயாளியை இன்னொரு வைத்தியசாலைக்கு மாற்றுவதற்கு உரியது. வீட்டிலிருந்து கிளினிக்குக்குப் போய்த் திரும்புபவன் இரண்டு கணக்கிலும் சேரான். அவன் 'அவசரமற்ற' நோயாளி.

இந்த 'அவசரமற்ற' என்ற சொல்லிலேதான் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். அவசரம் என்பது எவ்வளவு நேரத்துக்குள் உதவி சேர வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவு. உதவி எவ்வளவு இன்றியமையாதது என்பதை அது குறிக்காது. மாரடைப்பு வந்தவனுக்கு நிமிடங்கள் உண்டு. சிறுநீரகம் கெட்டவனுக்கு நாட்கள் உண்டு. புற்றுநோய்க்காரிக்கு வாரங்கள் உண்டு. மூவருக்கும் முடிவிற் காத்திருப்பது ஒன்றே. நாமோ, காலம் சற்று நீண்டிருப்பதைத் தேவை சற்றுக் குறைந்திருப்பதாக வாசித்துவிடுகிறோம். வழிச்செலவுக்குக் காசில்லாமல் ஒருவன் இரண்டு மூன்று முறை சுத்திகரிப்பைத் தவறவிடட்டும். உடம்பு வீங்கி மூச்சுத் திணறட்டும். அப்போது அவன் அவசர நோயாளி ஆகிவிடுகிறான். சங்கூதிக்கொண்டு வண்டியும் வந்து விடுகிறது. செவ்வாய்க்கிழமை பஸ் காசு கொடுக்க மறுத்த சமுதாயம் ஞாயிற்றுக்கிழமை அதைவிடப் பன்மடங்கு செலவு செய்து அவனைத் தூக்கிச் செல்கிறது. இதிற் கருணை எங்கே, சிக்கனந்தான் எங்கே?

பிரயாணத்தை இன்று ஒழுங்கு செய்பவர் யார்? என் வகுப்பில் ஒரு மாணவி செவ்வாயும் வெள்ளியும் வருவதில்லை. தாய்க்குச் சுத்திகரிப்பு. தகப்பன் கூலிக்குப் போகாவிட்டால் அன்றைக்கு உலையில்லை. ஆகவே கூடப் போவது இவள்தான். எந்த ஓட்டோ கடனுக்கு வரும், எந்தப் பஸ்ஸிற் கொண்டக்டர் ஆசனம் பிடித்துத் தருவார், கிளினிக் தேதியை மாற்றக் காலையில் எத்தனை மணிக்குத் தொலைபேசியெடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வரவு இடாப்பிலே நான் போடும் அடையாளம் 'சமுகமில்லை' என்பது மட்டுமே.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகக் காண்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். இந்த நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். அவனை மருத்துவத்துக்குப் புறம்பாக நிறுத்தாமல் அதன் ஓர் உறுப்பாகவே எண்ணியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நமது அரசு முதல் மூன்றையும் தன் ஏட்டில் எழுதிக்கொண்டது. நான்காவதைக் குடும்பத்தின் அன்புக்கு விட்டுவிட்டது. அன்பு என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூலியில்லா உழைப்பையே சொல்கிறோம்.

குடும்பத்தால் இயலாத இடத்திலே தருமம் வருகிறது. சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கனடாவிலும் லண்டனிலும் வாழும் ஊரவர் என்று பலர் உதவுகிறார்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2011ஆம் ஆண்டில் நாட்டின் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்களே, அந்த நடையை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனால், தருமத்துக்கு ஒரு குணம் உண்டு: அது ஆளைப் பார்க்கும். இரத்தப் புற்றுநோய் கண்ட ஐந்து வயதுக் குழந்தைக்கு மறுநாளே வான் வந்துவிடும். குடித்துக் குடித்து ஈரல் கெட்ட நாற்பது வயதுக்காரனுக்கு யார் வான் பிடித்துக் கொடுப்பார்? வைத்தியசாலைக் கட்டிலில் இருவரும் சமம். அந்தச் சமத்துவம் வாயிலுக்கு உள்ளே மட்டுமே செல்லுபடியாகிறது. அன்றியும், உதவி பெற்றவன் கடித உறையை ஏந்திக்கொண்டு படத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறது. படம் முகநூலில் வருகிறது. மகளின் பள்ளித் தோழிகளும் அதைப் பார்க்கிறார்கள். உரிமையாகக் கிடைக்க வேண்டிய ஒன்றுக்காக ஒருவனை நன்றி சொல்ல வைப்பது அவனுக்கு இழைக்கும் அவமதிப்பு.

எல்லா மக்களுக்கும் இலவச வைத்தியம் இல்லாத அமெரிக்காவை எடுத்துப் பாருங்கள். அங்கே வறியவர்க்கென்று உள்ள மெடிக்கெயிட் திட்டத்தில், நோயாளி சிகிச்சைக்குப் போய்வர வழி செய்வது மாநிலங்களின் கடமை என்று 1966ஆம் ஆண்டிலேயே விதி செய்தார்கள். 2020 டிசெம்பரில் அது சட்டத்திலும் எழுதப்பட்டது. முதலாளித்துவத்தின் தலைநகரமே ஒப்புக்கொண்ட ஒன்றை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குவது விந்தை. ஆனால் அங்கே வேறொரு நோய் புகுந்துகொண்டது. பல மாநிலங்கள் இந்தப் பிரயாண ஒழுங்கைத் தரகுக் கம்பனிகளிடம் கொடுத்துவிட்டன. தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டிப் பணம் வாங்கும் தரகனுக்கு, ஓடாத வண்டியே இலாபம் தரும் வண்டி. கடமையை ஒப்புக்கொண்டு அதனைச் சந்தையிலே ஏலம் விடுவதையும் நாம் ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

'பணம் எங்கே?' என்ற கேள்வி நியாயமானது. கஜானா வற்றிய நாடு இது. ஆனால், பிரயாணத்தின் சுமை முழுவதும் எரிபொருளால் வந்ததன்று. பெரும்பகுதி ஒழுங்கின்மையால் வந்தது. ஒரே கிராமத்திலிருந்து நான்கு பேர் நான்கு வெவ்வேறு நாட்களில் ஒரே கிளினிக்குக்கு நான்கு ஓட்டோ பிடித்துப் போகிறார்கள். கிளினிக் காலையிற் தொடங்கும். முதற் பஸ் வந்து சேருமுன் இலக்கத் துண்டு தீர்ந்துவிடும் என்ற பயத்திலே முதல்நாள் மாலையே வந்து மண்டபத் திண்ணையிற் படுப்பவர்கள் இருக்கிறார்கள். தேதி எழுதும்போது 'எங்கேயிருந்து வருகிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டு, ஓர் ஊராருக்கு ஒரு நாளை ஒதுக்கினால் ஒரு மினிபஸ் போதும். யார் இருந்து வரலாம், யார் படுத்து வர வேண்டும், யாருக்கு ஒட்சிசன் வேண்டும், யாருக்குத் துணையில்லை என்று எழுதிவைக்க ஒரு லிகிதரும் ஒரு தொலைபேசியும் வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று நாடு முழுவதையும் சில வாரங்களில் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்த அரசாங்க இயந்திரத்துக்கு இது செய்ய முடியாத வேலை அன்று.

எல்லாச் சிகிச்சையையும் எல்லா ஊருக்கும் கொண்டுவந்துவிட்டால் பிரயாணமே வேண்டாமே என்பாரும் உளர். ஓரளவுக்குச் சரி. ஆனால் கதிர் இயந்திரத்தை ஒவ்வொரு தீவிலும் நிறுத்த முடியாது. நிபுணரைக் கூறுபோடவும் முடியாது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் வைத்தியராக இருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட், நல்ல வைத்தியம் மிகுதியாகத் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிட்டுகிறது என்று 1971இல் எழுதினார். வைத்தியத்தைச் சந்தை எவ்வளவு ஆட்டுவிக்கிறதோ அவ்வளவுக்கு அந்த விதி வலுப்பெறும் என்பது அவர் கருத்து. நம் நாட்டிற் சந்தை வைத்தியசாலைக்கு வெளியே, பஸ் நிலையத்திலும் வான் தரிப்பிடத்திலும் காத்து நிற்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் என் வாதம் எனக்கே போதாமற் போகிறது. 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்' என்று வைத்தியர் சொல்லிவிட்ட நோயாளியின் வழிச்செலவு யாருடையது? பிரயாணம் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால் அதனை அரசு ஏற்க வேண்டும் என்று இதுவரை சொன்னேன். இவனுக்கோ சிகிச்சை முடிந்துவிட்டது. இவனுடைய பிரயாணம் எதன் பகுதியும் அன்று. கணக்கை இறுக்கிப் பிடித்தால் இங்கே அரசின் கடமை நின்றுவிடுகிறது. எனினும், முல்லைத்தீவிலிருந்து ஒருவனை மகரகமவுக்கு வரச் சொன்னது அவனுடைய ஊரிலே அந்த வைத்தியம் இல்லாமையால். அந்தத் தூரத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. தன் வீட்டுத் திண்ணையிற் கிடந்து, தன் மொழி பேசும் முகங்களைப் பார்த்துக்கொண்டு கண்மூட வேண்டும் என்று அவன் கேட்டால், அது வைத்தியம் பற்றிய கேள்வியாக இல்லாமற் போகலாம்; ஆனால் அவனை அவ்வளவு தூரம் வரச் சொன்னவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி. படுத்தபடி அவன் ஊர் திரும்புவதற்கான வண்டியை அவர்களே அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.