விஷவாயு தாக்கி

எம்.எல். வாங் எழுதிய 'பிளட் ஓவர் பிரைட் ஹேவன்' நாவலில் ஒரு மந்திரப் பல்கலைக்கழகம் வருகிறது. அங்கே உயர்மந்திரவாதியாகும் முதல் பெண் சியோனா. அவளை அவமதிக்கவென்றே ஆண் சகாக்கள், தோமில் என்ற துப்புரவாளனை உதவியாளனாகத் தருகிறார்கள். மேலேறும் பெண், கீழிழுக்கும் ஆண்கள் என நமக்குப் பழகிய கதைதான் என்று நினைத்தேன். (முடிச்சை அவிழ்க்காமல் மேலே பேச முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்த நகரத்து மந்திரசக்தி ஏதோ வேற்றுலகத்திலிருந்து வருவதாகப் பாடம் நடத்துகிறார்கள். அப்படி ஓர் உலகமே இல்லை. மதிலுக்கு வெளியே வாழும் தோமிலின் மக்களுடைய உயிரைத்தான் உறிஞ்சி எடுக்கிறார்கள். 'வேற்றுலகம்' என்ற ஒரு சொல் இத்தனை கொலைகளையும் மூடி வைத்திருக்கிறது.

சியோனா பட்ட அவமானம் பொய்யில்லை. அவள் கைபட்டுச் செத்தவர்களும் பொய்யில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட முடியாது. பெண்ணியம் பேசும் நமக்கு விழுங்கக் கடினமான இடம் இது. கல்லூரிகளின் மகளிர் தின விழாக்களில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நிற்கும் ஒப்பந்தப் பணியாளரும் மகளிர்தானே. மேடையிலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார்.

நான் வசிக்கும் கொரட்டூரிலும் ஒரு வேற்றுலகம் உண்டு. கழிவறையில் பொத்தானை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடுகிறது. எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. கழிவுநீர் கலந்து கலந்து எங்கள் ஏரி நாறி, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஏரியிடமாவது நாற்றம் இருக்கிறது, காட்டிக்கொடுக்க. தொட்டிக்குள் இறங்கியவருக்கு அதுவும் இல்லை.

தெரியாமல் செய்தது குற்றமா என்பது பழைய கேள்வி. என்னை உறுத்துவது வேறு. நாவலின் மூத்த மந்திரவாதிகளுக்கு உண்மை முன்பே தெரியும். தெரிந்தேதான் தொடர்கிறார்கள். நமக்கும் தெரியும். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? இறங்குகிறவர் எந்தச் சாதி என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அதையும் தெரிந்தேதான் வைத்திருக்கிறோம்.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்கு வாக்கியத்தில்தான் கண் போகிறது. 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அதில் எழுவாய் இருவர், தாக்கியது வாயு. இறக்கிவிட்டவர் வாக்கியத்தில் எங்குமே இல்லை. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றினோம், இந்தத் தலைப்பை மட்டும் மாற்றவில்லை.

முதுகலை வகுப்பில் இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, விடுபட்ட எழுவாயைச் சேர்த்துத் திருத்தச் சொன்னேன். பலரும் 'ஒப்பந்ததாரர்' என்று எழுதினார்கள். சிலர் 'மாநகராட்சி' என்றார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம்' என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் தாளில் இருந்த 'ஒப்பந்ததாரரை' மெதுவாக அடித்தாள்.