கணக்கும் கையும்
குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை கிண்டிப் பந்தயம் தொடர்பான அந்த வழக்கில் குதிரையின் பிறவித் திறன், அதற்குத் தரும் பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, தூரம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு நேற்றைய குதிரையைச் சொல்லும். இன்று அதை எந்தப் பந்தயத்தில் இறக்குவது என்று நிதானிப்பவர் பயிற்சியாளர். இதுவும் பயிர் போலத்தான்: நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் விளைச்சலை விதையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. உழுதவர் கையையும் பார்க்க வேண்டும்.

ஆனால் பயிற்சியாளரின் பெரிய பெயரை நம்பி எல்லாரும் ஒரே குதிரையின் மேல் பணம் கட்டினால், ஜெயித்தாலும் கிடைப்பது சொற்பமே. முதலில் கணக்கைப் பாருங்கள், பிறகு ஆளைப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள்.