மூன்று மூச்சின் அவகாசம்

சினம், செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் சினமே முதலில் எண்ணப்படுகிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல, பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. பாகம் பற்றிய பேச்சில் எழும் ஒரு கடுஞ்சொல் தலைமுறைப் பகையாவதைக் காரைக்குடியில் நாம் கண்டிருக்கிறோம்.

நம் முன்னோர் காயோத்சர்க்கத்தை மூச்சால் அளந்தனர். ஒரு நமோகார மந்திரத்திற்கு 3 மூச்சு. ஒன்பது முறைக்கு 27. பூசலின் நடுவே 27 மூச்சுக்கு இடமிராது, மூன்றுக்கு உண்டு. மூச்சை மெல்ல, நெடிதாக வெளிவிடுங்கால் நெஞ்சின் துடிப்பும் தணியும்.

'அடங்கினால் உரிமை பறிபோகாதா?' என வினவலாம். உரிமையை விட்டுவிடுமாறு மூச்சு கூறுவதில்லை. பிறர் மனம் புண்படாமல் அதைக் கேட்கும் சொல்லைத் தேட அவகாசம் தருகிறது. அமைதியடைந்த பின்னும் கூறவேண்டிய உண்மையைக் கூறாதிருப்பின், அது அகிம்சையன்று, அச்சமே.