படியிறங்கும் யாத்திரை

அமிர்தசரஸின் தொன்மையைக் காண வருவோர் பொற்கோயிலுள் படியிறங்கியே செல்ல வேண்டும். மலையேறித் தொழுது பழகிய நமக்கு இது புதுமை. இறங்கும்போதே அகந்தையும் சற்று இறங்குகிறது. யாத்திரிகரின் காலணிகளைப் பெற்றுக் காக்கும் தொண்டில் அங்குச் செல்வர்களும் அமர்கின்றனர்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஜாலியன்வாலா பாக். ஆண்டுதோறும் ஏப்ரல் 13இல் அங்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. 1919இல் அந்நாள் வைசாகித் திருநாள். ஜெனரல் டயரின் ஆணையால் சுடப்பட்ட கூட்டத்தில், விழாவுக்கென அயலூர்களிலிருந்து வந்து அம்மைதானத்தில் இளைப்பாறியவர்களும் இருந்தனர். நம்மைப் போன்ற யாத்திரிகர்கள்! குண்டு துளைத்த செங்கற்சுவர்முன் சிரித்தபடி புகைப்படம் எடுத்துக்கொள்வோர், இதனை அறிந்தால் அவ்வாறு நிற்பரோ? திருக்கோயிலில் இறங்கிய மனம் இங்குள் நுழையும்போதும் உடன்வர வேண்டும். உயிர் தப்பக் குதித்தவர்கள் மாண்ட கிணறு இன்றும் அங்கே இருக்கிறது.