குண்டு போடும் விமானத்துக்குப் புகைச் சான்றிதழ்

உங்கள் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் இல்லையென்றால் அபராதம். போர் விமானத்துக்கு? சிரிக்காதீர்கள், கேள்வி சீரியஸ்தான்.

வியட்நாமில் பறந்த அமெரிக்க எஃப்-4 பேன்டம் விமானத்தில் ஜே-79 என்று இரண்டு என்ஜின்கள். கரும்புகையாகக் கக்கும். விமானம் கண்ணில் படுமுன்பே, மைல்கணக்கில் தள்ளி இருக்கிற எதிரி அந்தப் புகைக்கோட்டைப் பார்த்துவிடுவான். பிறகு எரிப்பு அறையை மாற்றிப் புகையைக் குறைத்தார்கள். காற்று கெடுகிறதே என்றா? இல்லை, பைலட் போய்விடுவானே என்று.

புகையை அளப்பது மந்திரமில்லை. என்ஜின் பின்னால் குழாய் வைத்து உறிஞ்சி, வெள்ளை ஃபில்டர் பேப்பர் வழியாக விடுவார்கள். பேப்பர் எவ்வளவு கறுக்கிறதோ, அதுதான் மார்க். வாயுக்களுக்குத் தனிக் கருவி. தலைவலி, ஆஃப்டர்பர்னர்தான். வெளியேறும் நெருப்புக் காற்றில் மேலும் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துகிற சமாசாரம். அதற்குள் நீட்டும் குழாயைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகும்.

ஆக, அளக்கலாம். அமெரிக்க ராணுவம் அளந்தும் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு? 1944 சிகாகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டும். அதனால் பயணிகள் விமானத்துக்கான சர்வதேசப் புகை வரம்பு இதைத் தொடாது. 1997-ல் கியோட்டோவில், ஐ.நா. சாசனப்படி பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ராணுவ நடவடிக்கைகளின் புகை, நாட்டு மொத்தத்தில் சேராது என்று முடிவெடுத்தார்கள். 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலும் ராணுவக் கணக்கைத் தனியே காட்டும் கட்டாயமில்லை. இஷ்டமிருந்தால் காட்டலாம்.

'கொல்லவே செய்த மெஷினிடம் சுத்தமாகக் கொல்லச் சொல்வது அபத்தம்' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போர் விமானம் தன் ஆயுளில் பெரும்பகுதி யாரையும் கொல்வதில்லை. பயிற்சி என்று சொந்த நாட்டின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எதிரியில்லை; பக்கத்தில் நிற்கும் சொந்த மெக்கானிக், அப்புறம் வேலிக்கு வெளியே குடியிருக்கிற குடும்பம். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சம்மதித்தவர் மெக்கானிக். அந்தக் குடும்பத்திடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

'எரிபொருள் கணக்கு ரகசியம், சொன்னால் எதிரி உஷாராவான்' என்பது இன்னொரு வாதம். இதை அலட்சியப்படுத்த முடியாது, எந்தத் தளத்திலிருந்து எத்தனை விமானம் பறந்தது என்பது நிஜமாகவே ரகசியம்தான். வருட மொத்தம் அப்படியா? ஒரு கிலோ ஜெட் எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு. பிரௌன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவுத் திட்டத்துக்காக நேட்டா க்ராஃபோர்டு 2019-ல் கணக்குப் போட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017-ல் வெளியிட்டது சுமார் 5.9 கோடி டன். ஸ்வீடன் நாட்டைவிட அதிகம். அவர் உளவு ஒன்றும் பார்க்கவில்லை. அரசு வெளியிட்ட எரிபொருள் புள்ளிவிவரத்தைக் கூட்டிப் பெருக்கினார், அவ்வளவுதான். அதனால் அமெரிக்கா எந்தப் போரிலும் தோற்றதாகத் தகவல் இல்லை.